திரைக்கு இந்தப் பக்கம் நின்று தைத்த கவுன்

என் மனைவி நாகம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் என் சட்டைக் காலரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரிக் கட்டில். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். என் கழுத்தையே பார்த்தாள்.

"ஒரு பக்கம் தூக்கிக்கினு நிக்குது. இதுல ஊருக்கெல்லாம் தைக்கிறாராம்."

நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் பேச்சு முடிந்திருந்தது.

என் தையலைக் குறை சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் முழு உரிமை. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எனக்கு வந்த வேலை இதுதான்: மத்திகிரியில் ஸ்டெல்லா டீச்சருக்கு ஒரு கல்யாண கவுன் தைக்க வேண்டும்.

அவ்வளவுதான். எளிமையான வேலை. தெரிந்தவனுக்கு.

எனக்கு அப்போது தெரிந்தது காக்கி டிரவுசர், அரைக்கைச் சட்டை, தலையணை உறை. யாரிடமும் போய்க் கற்றவன் இல்லை நான். பழைய சட்டையைப் பிரித்துப் போட்டு, திரும்பச் சேர்த்துத் தைத்துக் கற்றேன். முதல் சட்டையில் பித்தான்கள் முதுகுப் பக்கம் வந்தன. அதையும் ஒருவர் போட்டுக்கொண்டு போனார். அந்த தைரியத்தில்தான் ஓசூரில் கடையே வைத்தேன்.

டீச்சருக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை பெங்களூர் கண்டோன்மெண்ட். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளை சாட்டின் துணி கொடுத்தனுப்பி, கூடவே சொல்லியும் அனுப்பியிருந்தார்: "எங்க பக்கத்துல பொண்ணு கவுன் போட்டுத்தான் கோயிலுக்கு வரும். உங்க ஊர்ல தைக்கத் தெரியுமோ என்னமோ."

அந்த "என்னமோ"தான் டீச்சரைச் சுட்டுவிட்டது. சாட்டினை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, இங்கயே தச்சுப் போடணும். அவங்க முன்னாடி நான் சாக்கு மூட்டை மாதிரி போயி நின்னேன்னா, ஆயுசு முழுக்க அதச் சொல்லிக்காட்டுவாங்க. முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

முடியாது என்று சொல்வதற்கு நல்ல சந்தர்ப்பம். இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதும் இல்லை.

"இதென்ன டீச்சர், கவுன்தானே?" என்றேன்.

மறுநாளே பெங்களூருக்கு பஸ் ஏறினேன், கவுன் என்றால் என்ன என்று பார்க்க.

கண்டோன்மெண்டில் ஒரு துணிக்கடை. கண்ணாடிக்கு உள்ளே தலையில்லாத, கையில்லாத பெண் பொம்மை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. ஒரு அம்மா அதன் மேல் துணியைப் போட்டுக்கொண்டிருந்தார். டேப்பும் இல்லை, கத்திரியும் இல்லை. போட்டார், இழுத்தார், மடித்தார், குண்டூசி குத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணிக்கு இடுப்பு வந்தது, தோள் வந்தது. முதலில் காடாத்துணியில் இப்படி உருவம் பிடித்து, கோடு போட்டு, அதைப் பிரித்து நல்ல துணி மேல் வைத்து வெட்டுகிறார்கள் என்று புரிந்தது. நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன்.

வாட்ச்மேன் வந்தார். "ஏய், பொம்பளைங்க சட்டைக் கடையில உனக்கு இன்னா வேடிக்கை?"

"துணியைப் பாக்கறேங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றானுங்க. கெளம்பு."

என் படிப்பு அத்துடன் முடிந்தது. பட்டம் வாங்கிய மாதிரிதான் திரும்பினேன். ஒன்று மட்டும் மனதில் நின்றது: டேப் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. இந்த ஞானம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

உடம்புக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் பெண்களின் அளவை ஆண் டெய்லர் எடுப்பதில்லை. பழைய ரவிக்கை ஒன்றை மஞ்சள் பையில் போட்டு அனுப்புவார்கள், அதை வைத்துத் தைக்க வேண்டும். டீச்சரும் அப்படித்தான் கொடுத்திருந்தார். ஆகவே பொம்மை வேண்டும். மறுபடி பெங்களூர் போய்த் தேடியதில், மூடிக்கிடந்த ஒரு கடையின் பின்கட்டில் பழைய பொம்மை ஒன்று கிடைத்தது. சட்டையில்லாமல் கொண்டுபோவது அசிங்கம் என்று என் துண்டைச் சுற்றி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் வந்தார். "ஏனப்பா இது?" என்றார் கன்னடத்தில், என்னப்பா இது என்று.

"பொம்மைங்க."

தமிழுக்கு மாறினார். "தலை எங்க?"

"தலை கிடையாதுங்க."

"தலை இல்லன்னாலும் சீட்டுல உக்காந்திருக்குது. டிக்கெட் எடு."

"அரை டிக்கெட்டாச்சும் போடுங்க."

"புருஷன் பொண்டாட்டி சண்டைய என்கிட்ட வச்சுக்காத."

பஸ் முழுக்கச் சிரித்தது. முழு டிக்கெட் எடுத்தேன்.

மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி வந்தது. அந்தக் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் சாராயக் கடை, இந்தப் பக்கம் மதுவிலக்கு. போலீஸ் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சையெல்லாம் தட்டிப் பார்ப்பார்கள். சைக்கிள் டியூபில் சரக்கு வரும். ரப்பர் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சி மாதிரியும் வருவார்கள்.

ஏறின போலீஸ்காரர் நேராக என் பொம்மையிடம் வந்தார். துண்டை விலக்கினார். வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உள்ள என்ன?"

"தெரியாதுங்க."

உலகத்தில் ஒரு போலீஸ்காரரிடம் சொல்லக்கூடாத பதில் அதுதான்.

"தெரியாதா? போன வாரம் ஒருத்தி இப்படித்தான் வந்தா. நிறைமாசம்னா. தட்டினா சலக் சலக்குங்குது." கத்தியை எடுத்தார். கழுத்திலிருந்து அடிவயிறுவரை ஒரே இழுப்பு.

மரத்தூள் கொட்டியது. கொட்டியது என்றால், மழைக்காலத்து ஏரி மதகு மாதிரி. ஜன்னல் காற்று அதை அள்ளி எல்லார் தலையிலும் போட்டது. முன்சீட்டுக் கிழவர் ஒருவர் தெலுங்கில் என்னைத் திட்ட ஆரம்பித்தவர் ஓசூர்வரை நிறுத்தவில்லை.

"சரக்கு இல்ல. போகலாம்" என்றார் போலீஸ்காரர்.

"இத இனிமே நான் என்னங்க பண்றது?"

"தூளைக் கூட்டி எடு. அடுப்புக்கு ஆகும்."

தோல் மட்டும் மிஞ்சியதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாகம்மா வாசலிலேயே நின்றாள்.

"பொம்மை வாங்கப் போறேன்னீங்க. இது யாரு, கசாப்புக் கடையிலிருந்தா?"

கிழிசலைத் தைத்து ராகி வைக்கோல் அடைத்தேன். பொம்மைக்குத் தொப்பை வந்தது, முதுகில் ஒரு கூன் வந்தது, மார்பு ஒருபக்கம் இடுப்புக்கு இறங்கியது.

"டீச்சரம்மா இதப் பாத்தாங்கன்னா கல்யாணமே வேண்டான்னுடுவாங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, ஊசி குத்துறதுக்கு ஒரு பொம்பளை உடம்பு வேணும், அதானே? டீச்சர்தான் இருக்காங்களே."

"அவங்களை நான் எப்படித் தொடுறது?"

"நீங்க யாரு தொடச் சொன்னா? நான் எதுக்குக் கீறேன்?"

அப்படித்தான் ஏற்பாடாயிற்று. மத்திகிரியில் டீச்சர் வீட்டு உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். உள்ளே டீச்சர், அவர் அம்மா, காடாத்துணியோடு நாகம்மா. வெளியே சுவரைப் பார்த்தபடி நான், பெரிய மாஸ்டர்.

"தோள்ல போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"இப்ப இடுப்புல இழுத்துப் பிடி."

"எவ்வளவு இழுக்கணும்?"

"இறுக்கமா."

"ஆ!" என்று டீச்சர் கத்தினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஊசி கொஞ்சம் ஆழமாப் போயிடுச்சு. நீங்க சுவத்தப் பாருங்க."

மணிக்கணக்காக இப்படிப் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டோன்மெண்ட் துணிக்கடை அம்மாவை நினைத்துச் சொல்லச் சொல்ல, நாகம்மா அதைக் காதில் வாங்கித் தனக்குத் தோன்றினபடி செய்தாள். கடைசியில் சாக்பீஸ் கோடுகளோடு காடாத்துணி திரைக்கு வெளியே வந்தது.

பார்த்தேன். இடுப்பு தாராளமாக இருந்தது. டீச்சர் கொடுத்த அளவு ரவிக்கையை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளுடையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். போதாததற்கு இடது தோள் உயர்ந்திருந்தது.

வேறு டெய்லராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். நான்தான் படித்தவனாயிற்றே! டேப் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. ரவிக்கை பழசு, கல்யாணக் களையில் டீச்சர் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருப்பார். இடது தோளா? தினமும் நோட்டுப் புத்தகக் கட்டைச் சுமக்கிறவர், உயராமல் என்ன செய்யும்?

எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. சாட்டினை வெட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை கவுனை உள்ளே அனுப்பிவிட்டு, பாராட்டு வரட்டும் என்று கூடத்தில் நின்றேன். உள்ளேயிருந்து அழுகை வந்தது.

டீச்சரின் அம்மா வெளியே வந்தார். "தம்பி, எம்மவ உள்ள எங்கயோ இருக்கா. தேடிக்கினு இருக்கோம்."

கதவிடுக்கில் நாகம்மா தலை நீட்டினாள். "தோள்ல நிக்கவே மாட்டேங்குது. இடுப்புல இன்னொரு ஆளு நுழையலாம்."

"அன்னைக்கு நீதானே இறுக்கிப் பிடிச்சே?"

"இறுக்கித்தான் பிடிச்சேன். இப்ப புடவை இல்லாம போட்டா?"

"எந்தப் புடவை?"

"அன்னைக்குக் கட்டியிருந்த புடவைதான்."

"புடவை மேலயா துணியப் போட்டே?"

"பின்ன? அந்தப் பக்கம் ஆம்பளை நிக்கையில அவுத்துட்டா நிப்பாங்க? நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உள்ளே ஒரு பெண் என்ன உடுத்தி நிற்கிறார் என்று திரைக்கு வெளியே நிற்கிற ஆண்பிள்ளை எந்த வாயால் கேட்பது? ஆக, தடித்த கைத்தறிப் புடவையின் கொசுவமும் இடது தோள் முந்தானையும் சேர்த்து ஒரு பெண்ணை நான் அற்புதமாகப் படியெடுத்திருந்தேன். உடம்பு பொய் சொல்லவில்லைதான். அது புடவை.

வெளியே ஹாரன் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள்.

"அண்ணே, நான் இப்ப என்ன பண்றது?" என்று உள்ளேயிருந்து டீச்சர் குரல். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

நாகம்மாதான் வழி சொன்னாள்.

"அன்னைக்கு மாதிரியே புடவைய உள்ள கட்டுங்க. மேல கவுனப் போட்டுக்கினு போங்க."

"அது சிவப்புப் புடவை. வெள்ளையில தெரியுமே!" என்றார் டீச்சர்.

பிறகு கதவு மூடிக்கொண்டது.

நாகம்மா அன்று கட்டியிருந்தது சந்தன நிறப் பட்டு. எங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது, அவளிடம் இருந்த ஒரே பட்டு. கனமான பட்டு. கதவு திறந்தபோது அது டீச்சரின் கவுனுக்கு உள்ளே இருந்தது. வெளியில் ஒரு நூல்கூடத் தெரியவில்லை. நாகம்மா ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போங்க. நான் இப்படியே கோயிலுக்கு வந்தா பாதிரியார் ஓடிடுவாரு."

கோயிலில் டீச்சர் நடந்து வந்தார். கவுன் தோளில் நின்றது, இடுப்பில் நின்றது, கீழே குடை விரித்த மாதிரி நின்றது. வியர்வை மட்டும் நெற்றியில் ஆறாக ஓடியது. வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்தார். கவுனின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். என் உயிர் அவர் விரல் நுனியில் இருந்தது.

"பரவாயில்லையே! உள்ள எத்தனை பாவாடை வச்சிருக்கு? எங்க பக்கம் இப்ப இப்படித்தான் புஸுபுஸுன்னு போடுறாங்க. யார் தச்சது?"

டீச்சர் என்னைக் கைகாட்டினார். அந்த அழுத முகத்தில் முதல் சிரிப்பு.

"எங்க தொழில் கத்துக்கிட்டீங்க?"

"பெங்களூர்லங்க" என்றேன், பணிவாக.

விருந்து முடிந்து இலைச்சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி நாகம்மாவிடம் எடுத்துப்போனேன். ஜமுக்காளத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது.

"டீச்சர் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுல கவுனுக்கு ஆர்டரும் கொடுத்திருக்காங்க."

"யாருக்குக் கொடுத்தாங்க?"

"எனக்குத்தான்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "அப்படியா? அப்ப அந்த வீட்டுக்கும் நீங்களே உள்ள போயி குண்டூசி குத்துங்க."

அதற்குப் பிறகு அவள் இருந்தவரை, ரவிக்கை, கவுன், பாவாடை எதுவானாலும் உள்ளே அவள், வெளியே நான். முதல் கேள்வியாக, "உள்ள என்ன கட்டியிருக்காங்க?" என்று அவளையே கேட்கவைத்தேன்.

இப்போது கடையில் கம்பெனி ஆண்களின் யூனிபாரம் சட்டையும் பேண்ட்டும் மட்டும்தான் தைக்கிறோம்.