ஒரு சாண் பாறைக்குச் சம்பந்திகள் பொருத கதை

வாழ்க பல்லம்மா. சுண்ணாம்புப் பாறையைப் புளிக்கும் அமிலநீரில் ஊறவைத்துக் கரைத்து அதன் வயிற்றிலிருந்து பழங்காலத்தைப் பிதுக்கி எடுத்த பைந்தொடி வாழ்க. கடலடியில் நெளிந்து மடிந்த விலாங்கனைய சிற்றுயிர்களின் கடுகினும் சிறிய பற்களை, இமைமயிர் அனைய தூரிகையின் ஈரநுனியால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கண்ணாடிச் சிறையில் அடைத்த நுண்ணோக்கி நெடுங்கண்ணி வாழ்க. அப்பற்கள் பறந்துவிடும் என்று கோடையிலும் மின்விசிறியை அணைத்து வைத்து, உடன் பணிபுரிவோரை வேர்வையில் நீராட்டிய வீராங்கனை வாழ்க. கற்களுக்கென்று ஒரு தெய்வம் இருக்குமானால் அதுவும் இக்கதைக்குத் துணை நிற்க. நின்றால் போதும், நடுவில் பேச வேண்டாம். பேசுவதற்கு இரண்டு சம்பந்திகள் இருக்கிறார்கள்.

பல்லம்மா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பல் ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டதும், படிக்கட்டில் வழிமறித்துக் கடைவாயைத் திறந்து காட்டிய அண்டைவீட்டார் இட்ட பெயர். அவரை எதிர்த்து நின்றவரோ அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வாழ்ந்த சாம்பலார்: எரிமலைகள் என்றோ உமிழ்ந்து பாறையிடுக்கில் படிந்துபோன வெண்சாம்பலைக் கிள்ளி எடுத்து, அதன் வயதைப் பிசகின்றிச் சொல்லவல்ல மீசைப் பெருந்தகை. சாம்பலார் மகளைப் பல்லம்மா மகன் மணந்துகொண்ட நாள்முதல் இருவரும் சம்பந்திகள். மணம் முடித்தவர்கள் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். முடித்து வைத்தவர்கள் பற்றித்தான் இக்காவியம்.

பகையின் வேர் கேளுங்கள். மண்ணியல் வல்லார் பூமியின் வயதைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பர். ஒரு கட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை வாயால் சொன்னால் செல்லாது. உலகம் முழுமைக்குமாக ஏதேனும் ஒரு பாறைச்சுவரைத் தேர்ந்து, அதில் ஓர் அடுக்கைத் தேர்ந்து, வெண்கல ஆணி ஒன்றை அறைந்து காட்ட வேண்டும். ஆணிக்கு மேலே புதிய கட்டம், கீழே பழையது. மலையைக் குடைந்து போட்ட சாலையின் ஓரத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு சுவரில், குறிப்பிட்ட ஒரு பல் முதன்முதலில் தலைகாட்டும் அடுக்கே எல்லை என்றார் பல்லம்மா. அதற்கு ஒரு சாண் கீழே கிடந்த சாம்பற்கோடே எல்லை என்றார் சாம்பலார். வெறும் ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காக எத்தனை கட்டுரைகள், எத்தனை மறுப்புரைகள், மாடிப்படியில் எத்தனை முகந்திருப்பல்கள். பேரக்குழந்தையின் பிறந்தநாள் கேக்கை வெட்டியபோதுகூட, "எல்லை இந்த க்ரீம்லதான் இருக்கு, மேல இருக்கற செர்ரில இல்ல" என்று சாம்பலார் கத்திமுனையால் சுட்டிக்காட்ட, பல்லம்மா தம் துண்டைத் தொடாமல் எழுந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பன்னாட்டுக் குழு வாக்கெடுத்தது, பல் வென்றது. ஆணி அறையும் நாளும் குறிக்கப்பட்டது. அந்த மாத இறுதியில் பல்லம்மாவுக்குப் பணி ஓய்வு. அதற்குள் ஆணி இறங்காவிட்டால் குழு மீண்டும் கூடும், மீண்டும் யோசிக்கும், மீண்டும் தேநீர் குடிக்கும். இடைப்பட்ட காலத்தில் ஆய்வுக்கூடம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டு, பற்களெல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறிப் பரணுக்குப் போய்விடும். ஆகவே அந்த ஆணி அவருக்கு ஆணியன்று. ஆயுள்.

அந்நாள் வந்தது. செங்கதிரோன் சாலையோரச் சுவரில் சாய்ந்து விழ, குழுத் தலைவர் குடைநிழலில் கொலுவிருக்க, கொத்தனார் முன்கூட்டியே துளையிட்ட இடத்தில் வெண்கல ஆணியைப் பொருத்திப் பிடித்துச் சுத்தியலை ஓங்கிய அக்கணத்தில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு, மதங்கொண்ட களிறு கரும்புத் தோட்டத்துள் புகுந்தாற்போல், சாம்பலார் புகுந்தார்.

"ஒரு நிமிஷம் சம்பந்தி. உங்க பல்லு ஒண்ணு எனக்குக் கிடைச்சிருக்கு. உங்க கோட்டுக்குக் கீழ, என் சாம்பலுக்கும் கீழ."

கேட்டோர் திகைத்தனர். அந்தப் பல் கீழேயே தோன்றிவிட்டதென்றால், அது முதன்முதலில் தோன்றும் அடுக்கு மேலே எப்படி இருக்கும்? இந்தச் செய்தியை மூன்று நாள் முன்பே மாடியேறி வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் மாடிப்படியில் குழுத் தலைவர் இருக்கமாட்டாரே.

பல்லம்மாவும் சளைத்தவரல்லர். இத்துறையின் சட்டம் அவருக்கு மனப்பாடம்: ஆணி இறங்கும்வரைதான் வழக்கு, இறங்கியபின் கீழே கூடை கூடையாகப் பல் கிடைத்தாலும் எல்லை எளிதில் அசையாது.

"கொத்தனாரே, நீங்க அடிங்க. அவர் எப்பவும் இப்படித்தான்."

"எங்கம்மா அடிக்கறது? ஐயா முதுகு குறுக்க இருக்கு."

உண்மைதான். சாம்பலார் ஆணியை மறைத்து, கோட்டைக் கதவுக்குத் தாழிட்ட கணையமரம்போல் சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்தார். பல்லம்மா அவர் இடப்புறம் பாய, அவர் இடப்புறம் சாய்ந்தார். வலப்புறம் பாய, வலப்புறம் சாய்ந்தார். புழுதி எழுந்தது, குடை நடுங்கியது, அவ்வழியே வந்த லாரி ஒன்று வேகம் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று.

"அப்பா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்ப்பா. வெளியாளுங்க நிக்கறாங்க" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுல பேசினா உன் மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க."

தலைவர் குடையை உயர்த்தி இடிமுழக்கமென அறிவித்தார்: "பல் மெய்யானால் இன்று ஆணி இல்லை. பல் பொய்யானால் இன்றே ஆணி. பல்லைப் பல்லம்மாவே பார்க்கட்டும். அவரைவிட்டால் இங்கே பல் தெரிந்தவர் யாருமில்லை."

சாம்பலார் சட்டைப்பையிலிருந்து பல் ஒட்டிய கண்ணாடிச் சில்லை எடுத்து நீட்டினார். பல்லம்மா கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். பார்த்தார். அந்தோ, என்ன சொல்வது. அதே வளைவு. அதே முகடு. முகட்டோரம் அதே மூன்று கூர்முனை. பெற்ற பிள்ளையின் காலடி ஓசையைக் கதவுக்கு அப்பாலிருந்தே அறியும் தாய்போல, தம் பல்லைத் தாமே அறிந்தார். நிறை ஏரி உடைந்தாற்போல் நெஞ்சு உடைந்தது. பொய் சொல்லலாம், வேறு பல் என்று ஒரு வார்த்தை போதும், மறுக்க அங்கே ஆளில்லை. உதடு பிரிந்தது. ஆனால் அவ்வளவு காலம் பற்களைப் பொறுக்கியவரின் நா அதற்கு வளையவில்லை.

"என் பல்லுதான்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்.

சாம்பலாரின் மீசை இருபுறமும் கொடியேற்றியது. "அது மட்டுமில்ல சம்பந்தி, வெயில்ல பிடிச்சுப் பாருங்க. என்ன அழகான நிறம். பாறைக்குள்ள இவ்வளவு காலம் கிடந்தும் மங்கவே இல்ல."

பல்லம்மா சில்லை வெயிலுக்கு உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

"சம்பந்தி, இதை எந்தச் சல்லடையில கழுவினீங்க?"

"என்கிட்ட ஏது சல்லடை? உங்களதுதான். நீங்க வெளியூர் போயிருந்தப்ப பொண்ணு எடுத்துக் குடுத்தா."

மருமகள் சட்டென்று மலையின் அழகை ரசிக்கத் தொடங்கினாள். "சல்லடைதானேன்னு குடுத்தேன் அத்தை" என்றாள் மலையிடம்.

அப்போது சிரித்தார் பல்லம்மா. எரிமலையின் வயதைச் சொல்பவர்க்குத் தெரியாததும், பல் பொறுக்குவோர் முதல் வாரத்திலேயே கற்பதுமான செய்தி ஒன்றுண்டு: ஒவ்வொரு முறை கழுவி முடித்ததும் சல்லடையை நீலச்சாயத்தில் முக்கி எடுப்பார்கள். கண்ணியில் பழைய பல் ஏதும் சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த கழுவலில் நீலப்பல் வந்தால், அது அந்தப் பாறையுடையதன்று. முந்தைய பாறை விட்டுப்போன எச்சம்.

"இது என் அடுக்குல நான் எடுத்த பல்லு சம்பந்தி. என் சல்லடையில தூங்கிட்டிருந்ததை நீங்க எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

சாம்பலார் சில்லைத் திரும்ப வாங்கித் தாமும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நீலமா இருக்கேன்னு புது இனமோன்னுகூட நினைச்சேன்" என்று முனகினார். "பேத்தி பேரை வைக்கலாம்னு." பிறகு, தோற்ற மன்னன் தேரிலிருந்து இறங்குவதுபோல், முதுகைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

ஓங்கிற்று சுத்தியல், ஒலித்தது வெண்கலம், மலை எதிரொலிக்க, தலைவர் கைதட்ட, ஆழி வற்றினும் மலை தேயினும் அரசுகள் ஆயிரம் வந்து போயினும், இங்கே தொடங்கியது இக்கட்டம் என்று ஞாலம் முழுதுக்கும் நின்று சாற்றும்படி, இரண்டு விரற்கடை தலையை வெளியே நீட்டிக்கொண்டு, பல்லம்மாவின் ஆயுளை ஏந்திய அவ்வாணி பாறையில் அசையாது அமர்ந்தது.

அடுத்த வாரம் சாலைப் பள்ளத்தை அடைக்க வந்த ஆள் ஒருவர் சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார்.