நான் மலையேறிய லட்சணம்

ஐம்பது வயதாவதற்குள் ஒரு மலையுச்சியில் காலை வைத்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முடிவெடுத்தேன். அப்போது நான் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையின் வீரமான முடிவுகள் எல்லாமே உட்கார்ந்தபடி எடுத்தவைதான்.

உத்தியோகம் அப்படி. நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவு. இருபத்திரண்டு வருஷமாக மலை வரைகிறேன். மலையைச் சுற்றி வளையம் வளையமாக உயரக் கோடுகள் போடுவோம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு. அந்த வகையில் பார்த்தால் இந்த வட்டாரத்தில் நான் ஏறாத மலையே கிடையாது. எல்லாம் பென்சிலால்.

உங்களிடம் மறைப்பானேன்? என் முடிவுக்குக் காரணம் மலை இல்லை. பெயின்ட்.

முந்தின நாள்தான் என் மனைவி அறிவித்திருந்தாள்.

"வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். மேற்பார்வைக்கு எங்கண்ணன் வர்றான்."

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய விசில் ஓய்வு பெறவில்லை. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு விசிலுக்கு நான் பீரோவைத் தூக்க வேண்டும். இரண்டு விசிலுக்கு இறக்க வேண்டும். மூன்று விசிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இப்படி நொந்துபோயிருந்த செவ்வாய்க்கிழமைதான், ஆபீசில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவைப் பிரித்தேன். அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு மலை. 'வாருங்கள், மலையேறுவோம்! வெள்ளி, சனி, ஞாயிறு.' அதே வெள்ளி, அதே சனி, அதே ஞாயிறு! கீழே பொடி எழுத்தில், 'அடிவாரத்தில் விடுதி வசதி உண்டு. மெத்தை, வெந்நீர்.'

என் கண் உச்சிக்குப் போகவே இல்லை. அடிவாரத்திலேயே படுத்துக்கொண்டது.

திட்டம் ரொம்ப எளிமை. மலையேறப் போகிறேன் என்று வீட்டில் சொல்வது. அடிவாரத்தில் ரூம் போட்டு மூன்று நாள் தூங்குவது. பெயின்ட் காய்ந்ததும் ஒரு வீரனைப் போலத் திரும்பி வருவது.

ஒரே சிக்கல், மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, அவ்வளவுதான், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். வீட்டில் அதற்கு ஊசியும் தேவையில்லை.

"நான் மலை ஏறப் போறேன்" என்றேன், சாயங்காலம்.

"எந்த மலை?"

சொன்னேன்.

"மாடிப்படி ஏறும்போதே நடுவுல நின்னு பக்கத்து வீட்டுக்காரரை நலம் விசாரிக்கிறீங்க. அது அக்கறையா, மூச்சு வாங்குறதா?"

"மலையேற்றம்ங்கிறது மனசு சம்பந்தப்பட்டது."

"மனசு ஏறிடும். அதுபாட்டுக்கு ஏறட்டும். உடம்பை யார் தூக்கிட்டுப் போறது?"

"குழுவா போறோம். பன்னிரண்டு பேர்."

"பன்னிரண்டு பேர் தூக்கினா முடியும்" என்றாள். பிறகு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "சரி, போயிட்டு வாங்க."

நான் மலைத்துப்போனேன். கல்யாணமான இருபது வருஷத்தில் நான் கேட்ட எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு மூளை இரண்டு நாள் லீவு போட்டுவிடும்.

பையையும் அவளே அடுக்கினாள். டார்ச், கயிறு, பிளாஸ்திரி, வலி தைலம். அவள் திரும்பிய நேரம் பார்த்து நான் என் தலையணையை உள்ளே திணித்தேன்.

"அது எதுக்கு?"

"பாறையில கீழ விழுந்தா அடிபடாம இருக்க."

"விழும்போது பையைத் திறந்து தலையணையை எடுத்துப் போட்டுட்டு அப்புறம் விழுவீங்களா?"

"முன்னெச்சரிக்கை."

"உறையை மாத்திட்டுக் கொண்டு போங்க" என்றாள். அதற்கும் சண்டை போடவில்லை!

வெள்ளிக்கிழமை நாலு மணி நேர பஸ் பயணம். விடுதி அருமையான விடுதி. மெத்தையில் உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போனது. வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்து தோள்பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயில் குடித்த முகம். மலை வழிகாட்டியாம்.

"எப்ப சார் ஏறலாம்?"

"நான் ஏற வந்தவன் இல்லம்மா. தூங்க வந்தவன்."

"பரவால்ல சார். தூங்கி எந்திரிங்க. நான் இருக்கேன்."

யாரையோ நினைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

படுப்பதற்கு முன்னால் ஒரு கடமை பாக்கி இருந்தது. விடுதியின் பின்கட்டில் ஒரு பாறை. ஆளுயரம்கூட இல்லை. அதன்மேல் தவழ்ந்து ஏறி, வழிகாட்டியைத் தரையில் படுத்துக்கொண்டு படமெடுக்கச் சொன்னேன். படத்தில் நான் மேகத்தை முட்டிக்கொண்டு நின்றேன். அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"படம் நல்லா இருக்கு. எத்தனை அடியில நிக்கிறீங்க?"

"மூவாயிரத்தைத் தாண்டியாச்சு."

"பின்னாடி ஏதோ வெள்ளையா தொங்குதே?"

திரும்பிப் பார்த்தேன். விடுதியின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அது கொடி."

நான் பொய் சொல்லவில்லை. துணி காயப்போடுவதும் கொடிதானே?

"ஏழெட்டு கொடி இருக்கே?"

"நிறைய பேர் ஏறியிருக்காங்க."

"ஒண்ணுல காக்கா உக்காந்திருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று தூங்கிய தூக்கத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி போன்.

"இப்ப எங்க?"

"நாலாயிரத்து ஐநூறு. பயங்கரக் காத்து. கேக்குதா?" போனைச் சீலிங் ஃபேனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"கேக்குது. டக்கு டக்குனு ஒரே தாளத்துல வருதே?"

"மலைக்காத்து அப்படித்தான். வளைவுல திரும்பும்போது இடிக்கும்."

"ஓஹோ. இங்க ஒரு பிரச்சினை. எங்கண்ணன் நீங்க மலையேறுறதை நம்ப மாட்டேங்கிறான்."

"நம்பாட்டி போறான்."

"முழுசாக் கேளுங்க. உச்சியில ஒரு இரும்புப் பெட்டி இருக்காம். அதுக்குள்ள நோட்டுப் புத்தகமாம். ஏறினவங்க தேதி, பேரு, கருத்து எல்லாம் எழுதணுமாம். அதுல உங்க கையெழுத்தைப் படம் பிடிச்சு இன்னிக்குள்ள அனுப்பினா, விசிலைக் கழட்டித் தூரப் போட்டுடுறானாம். ஆயுசுக்கும் உங்களை ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தச் சொல்ல மாட்டானாம்."

"அனுப்பலைன்னா?"

"மூணு மாசம் நம்ம வீட்டுலயே தங்கி, காலையில அஞ்சு மணிக்கு உங்களை எழுப்பி, பயிற்சி கொடுக்கப் போறானாம். பெட்டியெல்லாம் கட்டிட்டான்."

மெத்தையிலிருந்து நான் எழுந்த வேகத்தில் தலையணை கீழே விழுந்தது.

வழிகாட்டி அதே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். நீ மட்டும் மேல போய், அந்த நோட்டுல என் பேரை எழுதிப் படம் பிடிச்சுட்டு வந்துடு."

"கையெழுத்து வேற மாதிரி இருந்தா அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க சார்."

"எவங்க?"

"பொதுவாச் சொன்னேன் சார்" என்று பையைத் தோளில் மாட்டினாள். "மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள உச்சியில இருக்கணும். அப்பதான் இருட்டுக்கு முன்னாடி இறங்கலாம். கிளம்புங்க."

கிளம்பினேன். அந்த மலையை வரைந்தவனே நான்தான் என்பதால் ஒரு தெம்பு. வரைபடத்தில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே என் சுண்டுவிரல் நீளம்தான். முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த மில்லிமீட்டரில் நான் மூன்று தடவை உட்கார்ந்தேன்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"இதோ சார், அந்த வளைவு."

அந்த வளைவைத் தாண்டினால் இன்னொரு வளைவு. வழிகாட்டிகளின் 'இதோ' என்பதற்கு அகராதியில் வேறு அர்த்தம் போட வேண்டும். நாலாவது 'இதோ'வில் சட்டை முழுக்க நனைந்தது. ஏழாவது 'இதோ'வில் கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஏறிக்கொண்டன. வீட்டில் ஒருத்தி ரத்தம் எடுப்பது போதாதென்று இவையும்! வழிகாட்டி ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். அவை விழுந்தன. நான் விழாததற்குக் காரணம், ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததுதான்.

நடுவில் ஒரு செங்குத்துப் பாறை. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். கீழே எட்டிப் பார்த்தேன். விடுதியின் துண்டுகள் அரிசிமணி மாதிரி தெரிந்தன.

"என்னால முடியாது. இறங்கிடலாம்."

"இறங்கலாம் சார். காலையில அஞ்சு மணின்னா இந்தக் குளிர்ல கஷ்டமா இருக்கும், பாருங்க."

எனக்குக் காதில் விசில் கேட்டது. ஏறிவிட்டேன். இரண்டு முழங்காலும் சிராய்த்து, ஒரு பட்டன் போய், வாயில் மண்ணோடு ஏறிவிட்டேன். ஆறாயிரம் அடி உயரம் என்று நானே எழுதிய மலை. அந்த ஆறாயிரம் அடியையும் அன்றைக்கு உடம்பில் வாங்கினேன்.

ஒன்றே முக்கால் மணிக்கு உச்சி.

ஐந்து நிமிஷம் குப்புறக் கிடந்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். கீழே பச்சை, அதற்குக் கீழே பச்சை, எல்லாவற்றுக்கும் நடுவே வெள்ளிச் சரிகை மாதிரி ஒரு ஓடை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓடையை மலைக்கு மேற்கே வரைந்து வந்திருக்கிறேன். அது பாட்டுக்கு கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் திருத்த யாருமே இத்தனை நாள் மேலே வரவில்லை போலும்.

இரும்புப் பெட்டி இருந்தது. உள்ளே நோட்டுப் புத்தகம். தேதி போட்டேன், பேர் எழுதினேன். கருத்து என்ற இடத்தில் 'உயிரைப் பணயம் வைத்து' என்று தொடங்கி முக்கால் பக்கம் எழுதினேன். அடுத்தவன் இடத்தையும் சேர்த்து எழுதினேன். படம் பிடித்து அனுப்பினேன். என் போனே என் கையில் கர்வமாகக் கனத்தது.

மனைவி கூப்பிட்டாள்.

"நிஜமாவே ஏறிட்டீங்க!" அவள் குரல் லேசாகத் தழுதழுத்தது. சத்தியமாக. "முழங்கால் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் விடு. போனை உங்கண்ணன்கிட்ட குடு. விசிலைத் தூக்கிப் போடச் சொல்லு. நான் என் காதால கேக்கணும்."

"அவன் எங்க இங்க இருக்கான்? அவன் அவன் வீட்டுல இருக்கான்."

"அப்ப பெயின்ட் அடிக்கிறதை யார் பாக்கிறது?"

"எந்தப் பெயின்ட்?"

"நம்ம வீட்டுப் பெயின்ட்!"

"அது போன வருஷமே அடிச்சாச்சே. பச்சையா இருந்த ஹால் மஞ்சளா மாறினது இன்னுமா உங்க கண்ணுல படலை?"

நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். வழிகாட்டி தூரத்து மேகத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசாமாசம் உங்க ரத்தத்தை நான்தான் டெஸ்ட் பண்றேன்" என்றாள் மனைவி. "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. அது ஏறுது, நீங்க ஏற மாட்டேங்கிறீங்க. நடங்கன்னு சொன்னா தெருமுனையில டீ குடிச்சுட்டு வாக்கிங் முடிஞ்சுதுன்னு வர்றீங்க. வேற என்ன பண்றது?"

"அதுக்காக ஒரு மனுஷனை மலை உச்சிக்கா அனுப்புறது? இங்க எவ்வளவு ஆபத்துன்னு வீட்டுல உக்காந்திருக்கிற உனக்கு எப்படித் தெரியும்? கயித்தைப் பிடிச்சுத் தொங்கினேன்! தெரியுமா?"



"அந்த நோட்டைக் கையில வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

"பின்னாடி, போன மாசத்துப் பக்கத்துக்குத் திருப்புங்க."

திருப்பினேன். மேலிருந்து நாலாவது வரி. ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களில் ஒட்டும் சீட்டுகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய, சின்னச் சின்ன, சாயாத எழுத்து. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததாக நான் நம்பிக்கொண்டிருந்த நாட்களில் ஒன்றின் தேதி. பக்கத்தில் என் மனைவியின் பெயர்.

அதற்குப் பக்கத்தில், கருத்து: "அடுத்த மாசம் என் வீட்டுக்காரரை அனுப்பி வைக்கிறேன்."