ஊதா நிறத்தில் ரகுபதி

“நீலமா இருக்கே!”

ரகுபதி போட்ட சத்தத்தில், பக்கத்து நாற்காலியில் யாருக்கோ ஈமெயில் தட்டிக்கொண்டிருந்த மனிதர் பதறிப்போய் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டார்.

தி.நகர் பிரவுசிங் சென்டர். கல்லாவில் இருந்த சொந்தக்காரி அஸ்மத்துன்னிசா தலையைத் தூக்கினாள்.

“என்ன சார் ஆச்சு?”

“என் பேரு நீலமா வரதும்மா.”

“எல்லாப் பேரும் நீலமாத்தான் சார் வரும்.”

“மயிலாப்பூர்ல ஊதாவா வரதே! மத்தவாள்லாம் நீலம். நான் மட்டும் ஊதா.”

அஸ்மத்துன்னிசா மறுபடி சில்லறையை எண்ண ஆரம்பித்தாள். இன்டர்நெட் வந்த நாளாக அவள் பலதரப்பட்ட மனிதர்களைப் பார்த்துவிட்டாள்.

ரகுபதி மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன் ஸ்ரீநாத் அவருக்காக இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக்கொடுத்திருந்தான். கரண்டியும் கையுமாக ஒரு போட்டோ, கீழே போன் நம்பர். தினமும் மத்தியானம் ரகுபதி மயிலாப்பூர் சென்டருக்குப் போவார். சென்னைக் கல்யாணச் சமையல்காரர்கள் என்று தேடச் சொல்லி, வரும் வரிசையில் தன் பெயரை அழுத்தி, தன் போட்டோவைத் தானே வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவார். மௌனத்துக்கும் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் இடம் அது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அந்த வரிசையில் தன் பெயர் மட்டும் வேறு நிறத்தில் இருப்பதை ஒருநாள் கவனித்தார். சபையில் தனக்கு மட்டும் பொன்னாடை போர்த்தியதுபோல் இருந்தது.

இதை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அடையாறு சந்திரமௌலியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

சந்திரமௌலி பெண் ஹம்சினிக்குத் தை மாதம் கல்யாணம். நாலு வேளைச் சாப்பாடு, ஊர்ப்பட்ட ஜனம். போன சீசனில் பெரிய கல்யாணங்களையெல்லாம் தி.நகர் வேம்பு கொண்டுபோய்விட்டான். ரகுபதியின் அண்டாக்கள் கவிழ்ந்தே கிடந்தன. இதுவும் கை நழுவினால் ஆட்களை அனுப்பிவிட்டு, வேம்புவிடமே பந்தி விசாரிக்கப் போக வேண்டியதுதான்.

“இன்டர்நெட்டே எனக்குத் தனி மரியாதை பண்ணியிருக்கு மாமா. கலரே வேற” என்று சந்திரமௌலியிடம் சொல்லியிருந்தார்.

“அப்படியா? எங்காத்துலயே கம்ப்யூட்டர் வந்துடுத்து. ஞாயித்துக்கிழமை வாங்கோ, சேர்ந்து பார்ப்போம். பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம்.”

எதற்கும் இருக்கட்டும் என்று வேறு இடத்தில் பார்க்கலாமே என தி.நகர் வந்தால், இப்படி நீலம். அது போகட்டும். நாலு வரி தள்ளி வேம்புவின் பெயர் பளிச்சென்று ஊதா!

ரகுபதி வேம்புவின் பெயரை அழுத்தினார். இலையில் வடை. மூடினார். தன் பெயரை அழுத்தினார். கரண்டியும் தானும். மூடினார். பழைய வரிசை வந்தது.

அவர் பெயர் ஊதாவாகியிருந்தது.

ரகுபதி திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியோடு கல்லாப் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, ஒரு பேரு ஊதாவா ஆகணும்னா என்ன பண்ணணும்?”

“அதை அழுத்தித் தொறந்தா ஆயிடும் சார்.”

“யார் வேணா அழுத்தலாமா?”

“யார் வேணா அழுத்தலாம்.”

“அவாளே அவா பேரை அழுத்திக்கலாமா?”

“யார் சார் கேக்கப் போறாங்க?”

ரகுபதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது ஓட்டு. வேம்பு இங்கே உட்கார்ந்து கள்ள ஓட்டுப் போட்டிருக்கிறான்! அவருக்கு வந்த கோபத்தில் தன் பெயரை இன்னும் நாலு தடவை அழுத்தினார்.

“சார், அந்த சீட்டு வேற ஒருத்தருக்குச் சொல்லி வெச்சது. நீங்க ஓரத்துல உட்காருங்க.”

ஓரத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தார். நீலம்.

“அம்மா! இப்பத்தானே போட்டேன், அதுக்குள்ள எடுத்துட்டாளே!”

“எடுக்கல சார். ஒரு மிஷின்ல பண்ணது இன்னொண்ணுக்குத் தெரியாது.”

“ஒரே கடைதானே?”

“ஒரே கடைதான். அதுக்காக உங்க டேபிள்ல நீங்க குடிச்ச காபி அடுத்த டேபிள்காரர் வயித்துக்குப் போகுமா?”

நியாயமாகப் பட்டது. இந்த மிஷினிலும் அழுத்தி ஊதாவாக்கினார். திருப்தியோடு எழுந்திருக்கப் போனபோது அஸ்மத்துன்னிசா அனுதாபத்தோடு சொன்னாள்: “அதே மிஷின்லயே ரெண்டு பிரவுசர் இருக்கு சார். ‘என்’ எழுத்து போட்டது ஒண்ணு, ‘ஈ’ எழுத்து போட்டது ஒண்ணு. நீங்க ‘ஈ’யில பண்ணீங்க. ‘என்’ல போனா நீலமாத்தான் இருக்கும்.”

“ஒரே மிஷினுக்குள்ள ரெண்டு பூத்தா!”

“என்ன பூத்து சார்?”

“ஒண்ணுமில்லே” என்று சொல்லிவிட்டு ‘என்’னைத் திறந்தார். அதில் வரிசையே வேறாக இருந்தது. அவர் பெயர் ரெண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தொகுதி மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டு அங்கேயும் போட்டார்.

மறுநாளிலிருந்து ரகுபதி சூறாவளிச் சுற்றுப்பயணம் கிளம்பினார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. எந்தக் கடையானாலும் ஒவ்வொரு நாற்காலியாக மாறி மாறி உட்கார்ந்தார். ஒரு கடையில் மூலம் என்று சந்தேகப்பட்டு ஒரு தலையணையே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. தலைமைப் பரிசாரகர் முருகையனை வடபழனிக்கு அனுப்பினார்.

“என் போட்டோ வரும். அதான் அடையாளம். அதை மட்டும் அழுத்தணும், புரிஞ்சுதா?”

“இதுல புரியறதுக்கு இன்னா கீது நைனா? நா பாத்துக்கறேன்.”

சாயங்காலம் முருகையன் வெற்றி வீரனாகத் திரும்பினார்.

“எல்லாம் ஊதா பண்ட்டேன்!”

“எல்லாம்னா?”

“அந்த லிஸ்ட்ல கீற அல்லாத்தையும். உன் போட்டோ எங்க கீதுன்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்துகினே வந்தேன். கடேசில நீ வந்தே.”

“வேம்புவையுமா?”

“அவரு பக்கத்துல நல்லா வடை போட்டுக்கீறாரு நைனா. ரெண்டு தபா பாத்தேன்.”

ரகுபதி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முருகையனும் மரியாதைக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆட்டோ பிடித்து வடபழனி போய், “போட்ட ஊதாவை எடுக்க முடியுமா?” என்று ரகுபதி கெஞ்சினார். கடைக்காரர் என்னவோ தட்டினார். எல்லாமே நீலமாகிவிட்டது, ரகுபதி உட்பட. சரி, புதிதாக ஒன்று போடலாம் என்று கையை நீட்டியபோது போன் லைன் அறுந்தது. மழைக்காலம் முடிகிறவரை இப்படித்தான் சார் என்றார் கடைக்காரர்.

திரும்பும் வழியில் தி.நகரில் இறங்கி அஸ்மத்துன்னிசாவிடம் கேட்டார். “ஊதா போகாம இருக்குமில்லே?”

“கொஞ்ச நாள் ஆனா தானா நீலமாயிடும் சார்.”

இட்லி மாவு புளிப்பதுபோல் ஓட்டும் புளிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எல்லாக் கடைகளுக்கும் போனார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவருடைய ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது.

அடையாறில் சந்திரமௌலி கம்ப்யூட்டருக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டுத் தயாராக இருந்தார். கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் இட்டிருந்தது. போன் லைன் கரகரவென்று இழுத்து, விக்கி, ஒருவழியாகச் சேர்ந்தது.

ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார். இந்த மிஷினில் மட்டும் அவர் ஓட்டுப் போடவில்லை. போடவும் வழியில்லை.

“இதோ வந்துடுத்து” என்றார் சந்திரமௌலி.

ரகுபதி கண்ணைத் திறந்தார். மற்ற பெயர்கள் நீலம். அவர் பெயர் ஊதா!

“பார்த்தேளா மாமா! நான் சொன்னேனோல்லியோ! மரியாதை!” அவர் குரல் தழுதழுத்தது.

சந்திரமௌலி மூக்குக்கண்ணாடி வழியாக ரகுபதியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரகுபதி, இதையா நீங்க மரியாதைன்னேள்? ஊதான்னா, இந்த மிஷின்ல யாரோ அந்தப் பக்கத்தை முன்னாடியே திறந்து பார்த்திருக்கான்னு அர்த்தம். வேற ஒண்ணும் கிடையாது.”

“ஓட்டு இல்லையா?”

“என்ன ஓட்டு?”

மயிலாப்பூர் ஊதா, தி.நகர் ஊதா, அடையாறு ஊதா எல்லாம் ஒவ்வொன்றாக ரகுபதியின் கண்முன் வந்து போயின. எல்லாவற்றிலும் இருந்தது ஒரே விரல். அந்த விரலை மெல்ல மடித்துக்கொண்டார்.

சந்திரமௌலி விடவில்லை. “அது கெடக்கட்டும். இந்த மிஷினை நான் தவிர யாரும் தொடறதில்லே. நான் உங்க பக்கத்தைத் திறந்ததுமில்லே. அப்போ எப்படி ஊதாவாச்சு? நான் இல்லாதப்போ இங்கே வந்து ஏதாவது பண்ணினேளா?”

“சத்தியமா இல்லே மாமா!”

“மிஷின் பொய் சொல்லுமா?”

“மாமா, இந்த மிஷினை நான் தொடலே. ஆனா மத்ததெல்லாம்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். இன்டர்நெட்லயே இப்படின்னா நெய்யில என்ன கலப்பீரோ! வேம்பு நம்பரை எடுக்கறேன்.”

ரகுபதி எழுந்தார். செருப்பைத் தேடினார். உள்ளேயிருந்து தட்டில் காபியோடு ஹம்சினி வந்தாள். கல்யாணப் பெண்.

“எதுக்குப்பா அவரைப் போய் மிரட்டறே?” என்று சிரித்தாள். “நேத்து ராத்திரி நான்தான் அதைத் திறந்து பார்த்தேன். பகல்ல நீ இந்த மிஷினை விடறதே இல்லையே, ஒரு வாரமா மெயில் பார்க்க மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு எந்தக் கடையில உட்கார்ந்தாலும், கல்யாணச் சமையல்காரா லிஸ்டையும் தேடிப் பார்த்தேன். எல்லாத்துலயும் இந்த மாமா பேரு ஊதாவாவே இருந்தது. ஊரே இவரைத்தான் தேடிண்டிருக்குன்னு தெரிஞ்சு போச்சு. வேற யாராவது புக் பண்ணிடப் போறாளேன்னு, மாப்பிள்ளையாத்துல சொல்லி இவரையே முடிவு பண்ணிட்டேன்!”