கிராம் காக்காவின் ஒரே இசைத்தட்டு

இந்தக் கடற்கரை முழுவதையும் சலித்தெடுத்தாலும் எங்கள் ஊருக்கே மூத்த அண்ணனான கிராம் காக்காவைப் போலப் பயந்த மனிதர் ஒருவர் அகப்படமாட்டார். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இரண்டாவது ஆள் நான்தான்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்முனையில் ஒரு சைக்கிள் கடையில் வீல் கோணல் எடுக்கிறேன். சங்கிலி அறுந்தாலும் என் பிழையோ என்று நெஞ்சு அடிக்கும். காக்காவுக்கு அப்படி ஆயிரம் பயமில்லை. ஒரே ஒரு பயம். அவரிடம் இருந்த ஒரே இசைத்தட்டு தேய்ந்துவிடும் என்பதுதான் அது.

அந்தச் சின்னத் தட்டில் அவரைப் பெற்ற வாப்பா பாடியிருக்கிறார். காக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே வாப்பா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். போட்டோ கூடக் கிடையாது. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

"ஒவ்வொரு தரம் போடக்கொள்ளயும் வாப்பா கொஞ்சம் தேயிறார்டா மகன்" என்பார். அதனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு தரம் மட்டும்தான் போடுவார்.

முதலில் அவர் வாங்கியது சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கக்கூடிய சிவப்பு ரெக்கோட் பிளேயர். விலை குறைவு, பார்க்க அழகு. ஆனால் ஊசிக் கையை விரலால்தான் தூக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னால் ரேடியோவோ டீவியோ உடனே வாய் மூடும். ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு பாதியில் ஓடும்போது பின்னேரத் தொழுகையான அஸருக்கு வாங்கு கேட்டது. காக்கா பதறிப்போய் ஊசிக் கையைப் பிடித்து இழுத்தார். சர்ர்ர்! தட்டில் ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து பாட்டின் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம்.

"வாப்பாவுக்கு இருமல் வந்திட்டு" என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார்.

பிறகு யாரோ போனில் பார்த்துச் சொன்னார்கள், ஊசி இரண்டு கிராமுக்கு மேல் பாரமாக இருந்தால் தட்டு சீக்கிரம் தேயும் என்று. அவ்வளவுதான். பிளேயரைத் தூக்கிக்கொண்டு நேரே நகைக்கடைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

"காக்கா, விக்கவா, ஈடு வைக்கவா?" என்றார் கடைக்காரர்.

"நிறுக்க."

"இதையா?"

"இதிர ஊசிய மட்டும்."

தங்கம் நிறுக்கும் சின்னத் தராசை பிளேயருக்குள் வைத்து, அதன்மேல் ஊசியை இறக்கினார்கள். ஐந்தரைக் கிராம்.

"அல்லாஹ்வே! ஒரு மாப்பிள்ளை மோதிரப் பாரத்த வாப்பாட நெஞ்சில வெச்சுத் தேச்சிருக்கன்!" என்று அங்கேயே நாற்காலியில் சாய்ந்தார். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். கிராம் காக்கா என்ற பெயர் அன்று விழுந்ததுதான்.

அடுத்த பிளேயருக்காகக் கொழும்புக் கடை ஒன்றுக்கு போன் போட்டார். கடைப் பொடியன் புளூடூத் இருக்கிறது, கலர் லைட் இருக்கிறது என்று அடுக்கினான்.

"வாங்கு சொன்னா உன்ட புளூடூத் ஊசியத் தூக்குமா?" என்று கேட்டார் காக்கா. "ஊசிக் கைட வாலில திருகிற பாரம் இரிக்கா? ஊசிய மெல்லமாத் தூக்கி இறக்க ஒரு நெம்பி இரிக்கா? ரெண்ட மட்டும் சொல்லு."

இரண்டும் இருந்த ஒன்று, பெல்ட்டில் சுற்றுவது, பஸ்ஸில் அவர் மடியிலேயே ஊர் வந்து சேர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என்னைப் பிடித்தார். மேசன் மட்டக்குழாய் வைத்து மேசையைச் சமப்படுத்தினோம். இசைத்தட்டை வைக்கும் தட்டம் சுற்றுவதை நான் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்து, கோணல் இல்லை என்றேன். சொந்தமாக வாங்கிய தங்கத் தராசில் பாரத்தைத் திருகித் திருகி இரண்டு கிராமில் நிறுத்தினார். இதற்கே அஸர் நெருங்கிவிட்டது.

"அஸருக்கு அஞ்சு நிமிஷம் இரிக்கி. பாட்டு மூணு நிமிஷம். நீ இறக்கு மகன்."

"நானா? காக்கா, முதல்ல வேற தட்டுப் போட்டுப் பாப்பமே!"

"வேற தட்டு எங்கிட்ட ஏது?"

"என்ட கை நடுங்குது காக்கா."

"நடுங்கட்டும். துணிஞ்சவன் டக்கெண்டு போடுவான். பயந்தவன்தான் மெதுவா வெப்பான்."

நெம்பியை இறக்கினேன். ஊசி தொட்டது. ஒருவர் பாடத் தொடங்கினார். காக்காவின் குரல்தான், ஆனால் இளசாக.

பாதியில், நேரத்துக்கு முன்பே, ஒரு பள்ளிவாசல் முந்திக்கொண்டது. வாங்கு!

காக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் நெம்பியைத் தூக்கினேன். சத்தமே இல்லாமல் கை மேலெழுந்து அந்தரத்தில் நின்றது. இரண்டாவது பள்ளி சொன்னது, பிறகு மூன்றாவது. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நெம்பியிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை. எல்லாம் அடங்கியதும் இறக்கினேன். விட்ட சொல்லிலிருந்தே வாப்பா தொடர்ந்தார். இருமல் இருந்தது, அதே ஒன்று. புதிதாக ஒன்றும் இல்லை.

"இப்ப இருமல் கூட நல்லா விளங்குது" என்றார் காக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதன்பின் அந்த நெம்பியை அவர் தொட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் போன் வரும். "வா, வாப்பாவ இறக்கணும்." ஊசியை இறக்க இப்போது எனக்குப் பயமில்லை. போன் வரப் பத்து நிமிடம் பிந்தினால்தான், காக்காவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று கை நடுங்குகிறது.