ஊரே பேசிய மல்லித்தூள்

படிக்கப் படிக்கப் பிழைகள் குறையும் என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய பிழையை நான் தரக் கட்டுப்பாடு பற்றிய வகுப்பைக் கேட்டுக்கொண்டே விட்டவள். காது படித்தது, கை பிழை விட்டது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. உருத்திரபுரத்தில், எங்கள் குசினிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலில், வேர்க்கொம்பு, அதாவது சுக்கு, சேர்த்த மல்லித்தூள் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். தடிமன், சளி பிடித்தவர்கள் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். அரைப்பதற்குத்தான் தூரத்து மில்லுக்குப் போக வேண்டும். அங்கே எனக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால், அன்றைய மல்லித்தூள் தடிமனோடு சேர்த்துக் குடித்தவரையும் விரட்டும். சொந்தமாக ஒரு அரைக்கும் மிஷின் வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

அந்த நேரத்தில் கிளிநொச்சியில் சிறுதொழில் செய்பவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி ஒன்று தொடங்கினார்கள். சனிக்கிழமை நேரில் வகுப்பு, புதன்கிழமை போனில். கடைசி நாளில் ஒவ்வொருவரும் தொழில் எப்படி வளர்ந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். தேறிச் சித்தியடைந்தால் சான்றிதழும், அவரவர் தொழிலுக்கு வேண்டிய இயந்திரம் ஒன்றும் கிடைக்கும். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

படிப்பித்தவர் கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த ஒரு சேர், அவர்கள் ஊரில் சார். நல்ல மனிதர். அவர் சொன்னதையெல்லாம் நான் அப்படியே செய்தேன். ஒரே பொருளோடு நிற்காதீர்கள் என்றார், சீயாக்காய்த்தூளும் செய்யத் தொடங்கினேன். உங்கள் முகத்தைக் காட்டினால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார், லேபிளில் என் கலியாணப் படத்தைப் போட்டேன், நெற்றிச்சுட்டி அட்டியலோடு. இரண்டு தூளுக்கும் ஒரே பச்சை, ஒரே படம். என்ன தூள் என்ற பெயர் மட்டும் அடியில், எறும்பு ஊர்வதுபோல. (படம் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்று அச்சகத்தில் சண்டை பிடித்ததும் நான்தான். பெயருக்கு இடம் இல்லாமல் போனது அதனால்தான்.)

ஒரு புதன்கிழமை பின்னேரம். போனில் சேர், லேபிள் ஒட்டும்போது ஒவ்வொரு பக்கெட்டையும் (பொட்டலத்தையும்) இரண்டு தரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டியபடி மல்லித்தூளில் சீயாக்காய் லேபிளையும், சீயாக்காயில் மல்லித்தூள் லேபிளையும் ஒட்டினேன். சேர் சொன்னபடி இரண்டு தரம் பார்க்கவும் செய்தேன். இரண்டு தரமும் பார்த்தது என் படத்தைத்தான்.

மறுநாள் பக்கெட்டுகள் கடைகளுக்குப் போயின. பக்கத்து ஒழுங்கையில் இருந்த பள்ளிக்கூட அதிபருக்கு நல்ல தடிமன் என்று கேள்விப்பட்டு, அவருக்கு ஒன்றைச் சும்மாவே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அதிபர் எங்கள் வாசல் படலையடியில் நின்றார்.

"கோப்பை முழுக்க நுரை, பிள்ளை. மனுசி இண்டைக்குக் கூடுதலாப் பால் ஊத்திட்டா எண்டு நினைச்சு நானும் குடிச்சிட்டன்."

பிறகு அரை மணித்தியாலம் என்னைப் பேசினார். (எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா வாய் திறந்து சொல்வதற்கெல்லாம் கதைப்பது என்போம். படங்களிலும் நாடகங்களிலும் வேறு மாதிரி என்பது தெரியும்தான். ஆனால் பயத்தில் வாயில் வருவது ஊர்ச் சொல்தானே.)

அவர் போக முதலே போன் அடிக்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பெண்கள் தலைக்கு முழுகும் நாள். அன்று எங்கள் ஊர்க் கோயிலில் பாதிப் பேர் ரசம் மணக்க மணக்கச் சாமி கும்பிட்டார்கள். கும்பிட்டு முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பேசினார்கள். வர முடியாதவர்கள் போன் எடுத்துப் பேசினார்கள். மிஷினும் போச்சு, மானமும் போச்சு என்று கொட்டிலுக்குள் இருந்து அழுதேன்.

என் கணவர் ரவி அதிகம் கதைக்காதவர். ஸ்கூட்டிச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அழுதது காணும். ஸ்கூட்டியை எடும். எல்லாத்தையும் மாத்திக் குடுப்பம். அங்கை வகுப்பிலையும் ஒளிக்காதையும். மற்றாக்கள் சொல்ல முதல் நீரே சொல்லும்."

மூன்று நாள், இடையில் வந்த சனிக்கிழமை வகுப்புக்கும் போகாமல், வீடு வீடாக ஏறி இறங்கினோம். கடைகளில் மிச்சமிருந்ததையும் திருப்பி எடுத்தோம். ஒவ்வொரு வாசலிலும் பேச்சு வாங்கிக்கொண்டு சரியான பக்கெட்டைக் கொடுத்தோம்.

அடுத்த சனிக்கிழமைதான் கடைசி நாள். மண்டபத்தின் ஒரு மூலையில் நீலப் பொலித்தீனால் மூடியபடி அரைக்கும் மிஷின் நின்றது. அதைப் பார்க்காமல் முன்னால் போய் நின்றேன். தொழில் எப்படிப் போகிறது என்று சேர் கேட்டார்.

"சனம் பேசுது, சேர்."

சேரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? எத்தனை பேர் பேசறாங்க?"

"ஊர் முழுக்க. நேரிலை வந்தும் பேசுகினம், போன் எடுத்தும் பேசுகினம். ஒரு அதிபர் படலையடியிலை நிண்டு அரை மணித்தியாலம் பேசினவர்."

"அவராவே வந்து பேசினாரா? நீங்க எதுவும் செய்யலையே?"

"ஒரு பக்கெட் சும்மா குடுத்தனான், சேர். அதாலைதான் பேசினவர்."

சேர் துள்ளி எழுந்து பலகையில் பெரிதாக 'வாய்வழி விளம்பரம்' என்று எழுதினார். மாதிரிப் பொருளை இலவசமாகக் கொடுத்து ஓர் ஊரையே பேச வைத்திருக்கிறார், எல்லோரும் கை தட்டுங்கள் என்றார். பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பயிற்சியை ஒழுங்கு செய்த தர்சினி மிஸ் எங்கள் பக்கத்துப் பிள்ளை. அவா குனிந்து கையிலிருந்த காகிதக் கோவையால் முகத்தை மறைத்துக்கொண்டா. சேர் பகிடி பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பலகையை இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் விளங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படியே நின்றால் மிஷின் வீட்டுக்கு வந்துவிடும். கண் தன்பாட்டில் நீலப் பொலித்தீன் பக்கம் போனது. ஆனால் மிஷின் வந்தால், அதைப் பார்க்கும்போதெல்லாம் நுரை தள்ளிய கோப்பையோடு அதிபரும் வந்து நிற்பார்.

"சேர், எங்கடை ஊரிலை பேசுறதெண்டால் ஏசுறது," என்றேன். லேபிள் மாறியதில் தொடங்கி முழுவதையும் சொல்லி முடித்தேன். அவருடைய வகுப்பைக் கேட்டுக்கொண்டுதான் ஒட்டினேன் என்பதையும் மறைக்கவில்லை.

 சேர் பலகையை மெதுவாக அழித்தார்.

"மாத்திக் கொடுத்தீங்களே, அதை யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?"

"இல்லை, சேர். பேசிப்போட்டு வாங்கினவை."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். திட்டிவிட்டும் உங்களிடமே வாங்குகிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன வளர்ச்சி வேண்டும் என்று கேட்டார். பயிற்சியில் நான் சித்தியடைந்துவிட்டேன். ஒரேயொரு நிபந்தனை, லேபிளில் இருந்து கலியாணப் பெண் இறங்க வேண்டும், தூளின் பெயர் பெரிதாக ஏற வேண்டும். ஒரு மூட்டை மல்லியைத் தலையில் இருந்து இறக்கியது போல இருந்தது எனக்கு.  வெளியே வந்து ரவியிடம் சொன்னபோது, எட்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

மிஷின் இன்றும் ஓடுகிறது, என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வீட்டில்தான் எனக்கு மரியாதை இல்லை. நான் ரவியை எதற்காவது பேசத் தொடங்கினால் போதும், மகள் அறைக்குள் இருந்து "அப்பா, அம்மா விளம்பரம் செய்யிறா" என்று குரல் கொடுப்பாள். பிறகு எங்கே பேசுவது?

சேர் ஊருக்குத் திரும்பிவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அவரிடமிருந்து ஒரே குறுஞ்செய்திதான் வரும்: "ஊர் இன்னும் பேசுதுங்களா?"

நானும் ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறேன்.

"இல்லை, சேர். இப்ப கதைக்கினம்."