பாதம் வைக்காத திருமண்

மைசூர்,
சனிக்கிழமை, 1955

அன்புள்ள குமுதவல்லி அக்காவுக்கு, உங்கள் தம்பி ஆத்துக்காரி வைதேஹி தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உங்கள் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமென்று நம்புகிறேன்.

உங்கள் தம்பி வடகலையாகிவிட்டார் என்று நம் உறவுக்காரப் பையன் செலுவநாராயணன் உங்களிடம் வந்து சொன்னது தப்பு. பக்கவாதம் வந்த வலது கையால் அவரே திருமண் இட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். மேலே இரண்டு கோடும் எப்படியோ வந்துவிடுகின்றன. மூக்கின் மேல் பாதம் வைப்பதற்குள் கை ஓய்ந்துபோகிறது. பாதம் இல்லாவிட்டால் வடகலைதானே, நம் தென்கலை ஆத்து நெற்றியில் வடகலை நாமம் நிற்கிறது. செலுவன் அதைப் பார்த்தான், பாதிக் காப்பியை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

"நீயாவது இட்டுவிடக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பது மிஸ் கௌரம்மாவின் கட்டளை. பம்பாயில் படித்துவிட்டு வந்து, பக்கவாதக்காரர்களுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண். முதல் நாளே, "நான் வாரத்துக்கு ஒரு தரம்தான் வருவேன், மற்ற நாளெல்லாம் அவருக்கு அவரேதான் டாக்டர்" என்றாள். "இந்த வயசில் எனக்கு டிரில்லா!" என்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "டிரில் வேண்டாம் சுவாமி, உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள், போதும்" என்றாள். நான் சொம்பை எடுத்துக் கொடுக்கப் போனால், "பேடா அம்மா, அவரே மாடலி!" வேண்டாம், அவரே செய்யட்டும் என்று கன்னடத்தில் தடுத்தாள். அவரே எடுத்தார், சொம்பு உருண்டது, கூடம் குளமாயிற்று, எட்டிப் பார்க்க வந்த பக்கத்தாத்து ஜயம்மா வழுக்கி உட்கார்ந்தாள், எழுந்தவள் நான் புருஷனைப் படுத்தும் பாட்டைத் தெருமுழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சொல்லட்டும். அவர் சட்டைப் பித்தானோடு மல்லாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான், அக்கா, இந்த ஆத்திலேயே கஷ்டமான வேலை. நாம் ஓடி ஓடி உதவுவதில் பாதி நம்முடைய பொறுமையின்மைதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று சுவர்ப்பக்கம் திரும்பியவர் இப்போது தடியூன்றி மார்க்கெட்வரை போய், கத்திரிக்காயில் சொத்தை பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறார்.

"நெற்றி சரியானதும் எழுது, மறுநாளே காரோடு வருகிறேன், இங்கே படுக்கவைத்துக் கெம்பையனை விட்டு எண்ணெய் தேய்த்து, சாதம் பிசைந்து ஊட்டி, காலைத் தரையில் வைக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறேன், அதுவரை அந்த நெற்றியோடு என் வாசற்படி ஏறவேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரியம் எனக்குத் தெரியாதா? ஆனால் அங்கே வந்தால், ஊன்றிய கால் மறுபடி படுத்துவிடும். அவரை இங்கேயே விட்டுவையுங்கள். பாதம் வைக்காதது கையின் குற்றமே தவிர மனசின் குற்றம் இல்லை, இது சத்தியம். உங்கள் தம்பிக்கு வேஷம் போடத் தெரியாது.

பெரியவர்களுக்கு எங்கள் சேவிப்பு, குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வைதேஹி

பி.கு.: மேலே செய்த சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கவரில் போடுமுன் படித்துக்காட்டலாமென்று உள்ளே போனேன். கண்ணாடி முன் உட்கார்ந்து, நூல் பிடித்த மாதிரி பாதம் வைத்து, அழகு பார்த்துவிட்டு, துண்டை நனைத்து அதைமட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன இது?" என்றேன். "உஸ்! பாதம் வைத்தால் அக்கா கார் வந்துவிடும்" என்கிறார். ஆகையால், அக்கா, கையும் தேறிவிட்டது, புத்தியும் தேறிவிட்டது. மிஸ் கௌரம்மா சொன்னபடி, இதையும் ஒருவர் உதவியும் இல்லாமல் அவரேதான் செய்திருக்கிறார்.