பொத்தான்களுக்கு நான் எடுத்த பாடம்

கதைக்கத் தெரிந்தவன் என்று ஊர் ஒருவனைச் சொல்லத் தொடங்கிவிட்டால், எதிரே இருப்பவர் கேட்கிறாரா என்று பார்க்கும் பழக்கம் அவனிடமிருந்து மெல்லக் கழன்றுவிடும். என்னிடமிருந்து அது முப்பது வயதுக்கு முன்னமே கழன்றுவிட்டது. (மனைவியைக் கேட்டால், பிறக்கும்போதே இருக்கவில்லை என்பாள்.)

சமாதான காலம். சண்டை நின்று, வடக்கே போகும் பாதை திறந்திருந்தது. வவுனியாவில் ஒரு தனியார் கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளன். பட்டம் ஒன்றும் கிடையாது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்து, பஸ்ஸிலும் சந்தையிலும் சனம் சொல்லும் நல்ல வசனங்களைப் பொறுக்கி வைத்து, அதை வைத்தே டிப்ளோமா பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தின் பெயர் தொடர்பாடல். அதாவது, மற்றவருக்கு விளங்கும்படி கதைப்பது எப்படி. (சிரிக்காதேங்கோ, இன்னும் விசயத்துக்கு வரவில்லை.)

கல்லூரிக்குக் கிளிநொச்சியில் ஒரு கிளை இருந்தது. அங்கே வகுப்புக்குப் போவதென்றால் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, அந்தப் பக்கத்தில் மறுபடியும் திறந்து காட்டி, போய்ச் சேரும்போது பாதி உயிர்தான் மிச்சம். கல்லூரியை நடத்திய அம்மையாரை எல்லோரும் 'மிஸ்' என்போம். கிளிநொச்சிக்குச் செய்மதி இணைப்பு வந்துவிட்டது, இனி இங்கிருந்தே கொம்பியூட்டரில் பாடம் எடுக்கலாம் என்றார் அவர். கூடவே ஒரு நிபந்தனை. முதற்பாடத்தை அவரும் என் பின்னால் இருந்து பார்ப்பார். பிள்ளைகள் கடைசிவரை நின்றுபிடித்தால் கிளை தொடரும், எனக்கு நிரந்தர நியமனம். இடையில் எழும்பிப் போனால் கிளையை மூடுவார், நானும் வேறிடம் பார்க்கலாம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்ட நிஸ்தார், முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வவுனியாவில் வளர்ந்தவன், எனக்கு ஆறுதல் சொன்னான்.

"நேர படிப்பிக்கேக்க ஆள் நித்திரை கொண்டா சோக்கட்டியால எறியலாம் மாஸ்டர். இதுக்குள்ளால எறிய ஏலாது. யோசிச்சுக் கொள்ளுங்கோ."

யோசித்தேன். யோசித்து, கிளிநொச்சிக்கு ஒரு கட்டளை அனுப்பினேன். ஜெனரேற்றர் இரைச்சல் குறுக்கிடும், ஆகவே நான் முடிக்கும்வரை உங்கள் பக்க மைக்கை நிறுத்தி வையுங்கோ என்று. (தொடர்பாடல் விரிவுரையாளர் செய்த முதல் வேலை, மற்றவர்களின் வாயைக் கட்டியது.)

அந்தக் காலை வந்தது. திரையில் படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு வரிசை சட்டைகள். பொத்தான்கள், இடுப்புப் பட்டிகள், இடையில் இரண்டு பின்னல் நுனிகள். கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. கமராவைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லலாமா என்று நிஸ்தாரிடம் குசுகுசுத்தேன்.

"ஆட்டினா இருக்கிற படமும் போயிரும் மாஸ்டர். வயிறு தெரியுது தானே? வயிறு இருந்தா ஆளும் இருக்கும்."

பின்னால் மிஸ் தொண்டையைச் செருமினார். "இருங்கோ பிள்ளையள்" என்று நான் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் சட்டைகள் இடமும் வலமுமாக மெல்ல ஆடின. பாடத்தில் ஒன்றிப்போய்விட்டார்கள் என்று பூரித்தேன். விளங்கினவர்கள் கையை உயர்த்துங்கோ என்றேன். ஒரு கையும் வரவில்லை. வந்தாலும் படத்துக்கு மேலேதான் போயிருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு சட்டை காணாமற் போயிற்று.

எழும்பிப் போகத் தொடங்கிவிட்டார்கள். பிடித்து வைக்கவேண்டும், எப்படியாவது பிடித்து வைக்கவேண்டும். எப்படிக் கதைக்கக்கூடாது என்பதற்கு, வாடிக்கையாளரை ஏசித் துரத்தும் கடைக்காரனை நடித்துக் காட்டினேன். விரலை நீட்டினேன், கண்ணை உருட்டினேன், மேசையில் ஓங்கி அறைந்தேன். மிஸ்ஸின் தேநீர்க் கோப்பை குதித்தது. திரையில் இன்னொரு சட்டையும் மறைந்தது.

"தம்பி, பிள்ளையள் போகினம் போல கிடக்கு" என்றார் மிஸ்.

சேர்த்து வைத்திருந்த சந்தை வசனங்கள் அத்தனையையும் அவிழ்த்துக் கொட்டினேன். பாடம் முடியவேண்டிய நேரமும் கடந்தது. நிறுத்தினால் நியமனம் போய்விடும் என்று நிறுத்தாமல் கதைத்தேன்.

அப்போதுதான் நிஸ்தாரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினான். வகுப்புத் தலைவி.

"சேர், நான் வதனி. பக்கத்துக் கடையில நிண்டு எடுக்கிறன். போன முறை நீங்கள் தந்த ஒப்படையை எழுதித் தராதது எங்கட பிழைதான் சேர். அடுத்த கிழமை கட்டாயம் தாறம். இப்ப நாங்கள் கதிரையில இருக்கலாமோ?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. திரையில் என் முகம் தெரிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல மரியாதைக்கு எழுந்து நின்றிருக்கிறார்கள். சேர் சொல்லாமல் கதிரையில் இருப்பது எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. நான் "இருங்கோ பிள்ளையள்" என்று சொன்னது அவர்களுக்குக் கேட்கவேயில்லை. ஏனென்றால் என் குரலில் ஒரு சொல்கூட அங்கே போய்ச் சேரவில்லை. அவர்கள் கண்டது, வாயை மட்டும் அசைத்து, விரலை நீட்டி, மேசையில் அறையும் ஒரு சேரை. ஒப்படை தராததற்குத் தண்டனை என்று முடிவு செய்துவிட்டார்கள். கேட்கலாம் என்றால், மைக்கைத் தொடவேண்டாம் என்பது என் கட்டளை.

நிஸ்தார் குனிந்து கொம்பியூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தான். மைக் வயரை நான் ஹெட்போனின் துளையில் செருகியிருந்தேன். (அவன் செருக வந்தபோது, எனக்குத் தெரியும் என்று தடுத்ததும் நான்தான்.)

மிஸ் போனை என் கையிலிருந்து வாங்கினார். எத்தனை பேர் எழும்பிப் போனது என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வதனியின் குரல் வெளியே கேட்டது.

"ஒருத்தரும் போகேல்லை மிஸ். ரெண்டு பேருக்குத் தலை சுத்தினது, நிலத்தில இருத்தினனாங்கள். மற்றாக்கள் எல்லாரும் நிக்கினம்."

எல்லாரையும் இருக்கச் சொல்லிவிட்டு மிஸ் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"சத்தமே இல்லாமல் இவ்வளவு நேரம் நிப்பாட்டி வச்சிருக்கிறீர். நான் சொன்ன சொல்லு மாறேல்லை, நியமனம் தாறன். ஆனா இனிமேல் ஒவ்வொரு பிள்ளையின்ர குரலையும் கேட்டாப் பிறகுதான் நீர் வாய் திறக்கவேணும்."

அப்படியே செய்தேன். பூநகரிப் பொடியன் பஸ்ஸுக்குக் காத்து நின்ற கதை, அக்கராயன் பிள்ளையின் வீட்டு மாடு கயிறறுத்த கதை என்று அவர்கள் கதைத்து முடிய, பாடத்துக்கு மிச்சமாகும் நேரம் குறைவு. ஆனால் அந்த மிச்சத்தில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. பாதை மறுபடி பூட்டப்படும்வரை அந்த வகுப்பு நடந்தது.

இந்த விசயத்தை நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. இப்போது நான் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் நீட்டிக் கதைத்தால், மகள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நிற்கிறாள். பிறகு மகன். பிறகு மனைவி, கையில் அகப்பையோடு. போன வருடம் கனடாவிலிருந்து வந்த மச்சான், இது என்ன வழக்கம் என்று தெரியாமல், வாயில் இடியப்பத்தோடு தானும் எழுந்து நின்றார்.